கார் குடித்த தண்ணீர்

“தினமும் ஊத்துற தண்ணி எங்கம்மா போகுது?”

பட்டறைக்காரர் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் சித்தியிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. சித்தி வண்டியின் அந்தப் பக்கம் நின்று முன்கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்ததால் என்னிடம் கேட்டார். காலையில் ரேடியேட்டரில் ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றினால், ஓட்டிவிட்டு வந்த மறுநாள் அதே அளவு குறைந்திருந்தது. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுக்கூட இல்லை. வீட்டில் நாங்கள் பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து வண்டியின் கீழே விரித்து வைத்துப் பார்த்தோம். காலையில் அட்டை காய்ந்தபடியே கிடந்தது.

நான் எழுத வந்தது சித்தப்பாவைப் பற்றி. அந்தக் காரை விட்டுவிட்டு அவரைப் பற்றிப் பேச முடியாது.

சித்தப்பா வாடகைக் கார் ஓட்டியவர். மீசை சரியாக முளைக்காத வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்தார். பாதித் தலை நரைக்கும்வரை விடவில்லை. எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் இந்தக் காரை, அதன் முதல் சொந்தக்காரர் சலித்துப்போய் விற்றபோது வாங்கினார். அப்போது நான் தொடக்கப் பள்ளியில் இருந்தேன். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் எத்தனையோ புது வண்டிகள் வந்து, பழசாகி, போயும்விட்டன. இது மட்டும் நிற்கிறது. கதவை ஓங்கிச் சாத்தும் பயணிகளிடம் சித்தப்பா ஒரே வாக்கியம்தான் சொல்வார்: “மெதுவாச் சாத்துங்க, இது உங்க மாமியார் வீட்டுக் கதவு இல்ல.” கோபித்துக்கொண்டவர்கள் குறைவு. பாதிப் பேர் சிரித்துவிட்டு, அடுத்த முறையும் அவரையே கூப்பிட்டார்கள்.

வண்டியில் குழந்தைகள் வாந்தி எடுப்பதும், நோயாளிகளை இறக்கிவிட்ட பிறகு சீட்டில் ஈரம் இருப்பதும் அவர் தொழிலில் சகஜம். ஒருமுறை நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “எப்படிச் சித்தப்பா இதையெல்லாம் துடைக்கிறீங்க?” என்று கேட்டேன்.

“துடைக்கிறது ஒண்ணும் பெரிய வேலை இல்ல குட்டி. முகத்தைச் சாதாரணமா வெச்சுக்கணும், அதுதான் வேலை. பாவம், அவங்க நம்ம முகத்தைத்தான் பாத்துட்டு இருப்பாங்க.”

சித்தி பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் துணி வெட்டும் மேசையில் நிற்பவள். அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் சித்தப்பாதான். காலி மைதானத்தில் நடந்த அந்தப் பாடங்கள் எங்கள் குடும்பத்தில் பெரிய கதை. “கிளட்ச்சை மிதின்னா என் மானத்தை மிதிக்கிறியே” என்று இவர் கத்துவார். “இறங்கி நடந்து வாங்க, அப்பத்தான் என் அருமை தெரியும்” என்று அவரை மைதானத்திலேயே விட்டுவிட்டு அவள் ஒரு சுற்றுப் போய் வருவாள். அப்படிக் கற்றவள், அவரையே ஒருநாள் பக்கத்துச் சீட்டில் உட்காரவைத்து ஓட்ட வேண்டிவரும் என்று யாரும் நினைக்கவில்லை.

அவருக்குப் பக்கவாதம் வந்தது ஒரு காலை நேரத்தில். முகம் மழித்துக்கொண்டிருந்தவரின் இடது கையிலிருந்து சோப்புக் கிண்ணம் நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் எழவில்லை. உயிருக்கு ஆபத்தில்லாமல் திரும்பி வந்தார். ஆனால் இடது கையும் இடது காலும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. காலில் உணர்ச்சியும் போய்விட்டது. சுடுதண்ணீர் பட்டாலும் தெரியாது, பச்சைத்தண்ணீர் பட்டாலும் தெரியாது. பார்க்க வந்தவர்களிடம், “இது என் கால் இல்ல, வாடகைக்கு வந்திருக்கு. புதுசா வந்தவன், நம்ம வீட்டுப் பழக்கம் இன்னும் தெரியல” என்று சொல்லிச் சிரிக்கவைப்பார்.

ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒருமுறை படுக்கையிலேயே சிறுநீர் போய்விட்டது. அவருக்குத் தெரியவில்லை. தாதி வந்து விரிப்பை மாற்றும்போதுதான் தெரிந்தது. அந்தத் தாதி நல்லவர். “இந்த வியாதியில நமக்குத் தெரியாமலே போயிடும்யா, இதுக்கெல்லாம் வெட்கப்படக் கூடாது” என்றார். வெளியே போகும்போது டயப்பர் கட்டிக்கொள்ளவும் சொல்லிக்கொடுத்தார். ஆறுதலாகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் ‘நமக்குத் தெரியாமலே’ என்பது அவர் மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரியவந்தவை.

வீட்டுக்கு வந்த பிறகு வாரத்தில் சில நாட்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் உடற்பயிற்சி செய்ய வேண்டும். பயிற்சி கொடுக்கும் அக்கா முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்: “முதல் சில மாதம்தான் கால் திரும்பக் கத்துக்கும். அதுக்குள்ள எவ்வளவு கத்துக்குதோ அவ்வளவுதான். நடுவுல விட்டீங்கன்னா அதோட நின்னுடும்.” சித்தி கம்பெனியில் பேசி மாலை வேலைக்கு மாறிக்கொண்டாள். நான் பள்ளி முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டுக்கும் தெருவுக்கும் நடந்துகொண்டிருந்தவள். அதே வீட்டின் மாடியில் நாங்கள் குடியிருந்ததால் என்னையும் கூட்டிக்கொண்டார்கள். சித்தி ஓட்டுவாள், சித்தப்பா பக்கத்தில், சக்கர நாற்காலியின் கால்தாங்கிகளை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால்.

அந்த முதல் வாரங்கள் நன்றாக இருந்தன. சித்தப்பா பக்கத்துச் சீட்டிலிருந்தே வலது காலால் இல்லாத பிரேக்கைப் பிடிப்பார். “கியரை மாத்து, அழுவுது பார்” என்பார். “அது அழல, நீங்க பேசுறதைக் கேட்டு முனகுது” என்பாள் சித்தி. பயிற்சி அறையில் அவர் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். பிறகு ஓர் அடி வைத்தார். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தானாகவே கால்சட்டை மாற்றிக்கொள்ளப் பழகினார். யாரும் உதவிக்கு வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். அது அவருக்குப் பெரிய வெற்றி.

மழைக்காலம் தொடங்கியது. சித்தப்பா மாறிப்போனார்.

வண்டியில் பேச்சு நின்றது. முகத்தைப் பக்கவாட்டுக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டு வருவார். சித்தி கியரைத் தவறாகப் போட்டாலும் ஒன்றும் சொல்ல மாட்டார். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். பயிற்சிக்குப் போகும் நாளில் வாயையே நனைக்க மாட்டார். ஒருநாள் கம்பிகளுக்கு நடுவில் நின்றவருக்குத் தலை சுற்றியது. பயிற்சி அக்கா பிடித்து உட்காரவைத்து, “தண்ணி குடிக்காம வந்தா எப்படிய்யா, மறுபடியும் படுக்கையில விழணுமா?” என்று கண்டித்தார். சித்தப்பா தலையை ஆட்டினார், அவ்வளவுதான். அடுத்த முறை கிளம்பும்போது முதுகு வலி என்றார். அதற்கடுத்த முறை தூக்கம் வருகிறது என்றார். போகாத நாட்கள் போன நாட்களைவிட அதிகமாயின. நின்றிருந்த கால் மறுபடியும் துவளத் தொடங்கியது.

அதே சமயத்தில்தான் காரும் படுத்த ஆரம்பித்தது. சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறியது. சித்தி மூடியைத் திறந்து பார்த்தால் தண்ணீர் குறைந்திருந்தது. அன்றிலிருந்து சித்தப்பா விழிப்பதற்கு முன்பே வாசலுக்குப் போய் ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவாள். ஒருநாள் நான் பார்த்துவிட்டேன்.

“அவர்கிட்ட மூச்சு விடாத. வண்டிக்கும் உடம்பு சரியில்லன்னு தெரிஞ்சா அதுக்கும் சேத்துப் படுத்துக்குவார்.”

“நல்லா இருக்கு சித்தி. வீட்டுல ஒருத்தர் தண்ணியே குடிக்கிறதில்ல, வாசல்ல ஒண்ணு குடிச்சுத் தீக்குது.”

நான் சிரிப்புக்காகச் சொன்னேன். சித்தி சிரிக்கவில்லை. பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே உள்ளே போனாள்.

பட்டறைக்காரருக்கு ‘அவசரம்’ என்று பட்டப்பெயர். எதற்கும் அவசரப்படாதவர் என்பதால் வந்த பெயர். சித்தப்பாவின் பழைய கூட்டாளி. அன்று என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அவரே வேலையைத் தொடங்கினார். ரப்பர்க் குழாய்களை ஒவ்வொன்றாகக் கசக்கிப் பார்த்தார். டார்ச் அடித்து ரேடியேட்டரின் இடுக்குகளைப் பார்த்தார். தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப்பின் கீழே விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். ஆயில் கம்பியை உருவி, ஆயிலில் தண்ணீர் கலந்து பால் மாதிரி வெளுத்திருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. கடைசியாக ரேடியேட்டர் வாயில் கைப்பம்ப் ஒன்றை மாட்டிக் காற்றடித்தார். அதிலிருந்த முள் ஏறி நின்று, பிறகு மெல்ல மெல்ல இறங்கியது.

“ஒழுகுது. ஆனா வெளியில காணோம்” என்றவர் சித்தி பக்கம் திரும்பினார். “அண்ணி, வண்டிக்குள்ள எங்கயாவது ஈரம் இருக்கா? கால் வைக்கிற இடத்துல?”

“இல்ல” என்றாள் சித்தி.

கேள்வி முடிவதற்குள் வந்த பதில் அது. அவசரம் முன்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். சித்தப்பா உட்காரும் பக்கத்தில், ஓரம் உயர்ந்த ரப்பர் மேட் ஒன்று தட்டு மாதிரி கிடந்தது. கழுவித் துடைத்த மேட். அடியில் இருந்த கம்பளத்தைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது.

“உள்ள ஆஸ்பத்திரி வாடை அடிக்குதே அண்ணி.”

“நோயாளி ஏறுற வண்டி. சோப்புப் போட்டுக் கழுவுறேன்.”

“அண்ணனை ஒருநாள் இங்க கூட்டிட்டு வாங்க. அவர் கண்ணை மூடிட்டே சொல்லிடுவார்.”

“அவருக்குத் தெரிய வேண்டாம்.”

அவசரம் தலையைச் சொறிந்தார். வெளியேயும் இல்லை, உள்ளேயும் இல்லை என்றால் இன்ஜினுக்குள்ளேயேதான் தண்ணீர் எரிந்துபோகிறது. இன்ஜினைப் பிரித்துப் பார்க்க வேண்டும், வண்டி பல நாள் பட்டறையில் கிடக்கும் என்றார். சித்தியின் முகம் இறங்கிவிட்டது. சித்தப்பா இந்த வண்டியில் ஏறவே ஆயிரம் சாக்குச் சொல்கிறார். வேறு யாருடைய வண்டியிலாவது ஏறுவாரா? வண்டி நின்றால் பயிற்சி நின்றுவிடும். பயிற்சி நின்றால் கால் தேறுவதும் நின்றுவிடும்.

“பிரிக்காம வேற வழியே இல்லையா?”

அவர் யோசித்து, இன்ஜினைக் குளிர்விக்க ஊற்றும் பச்சை நிறக் கூலன்ட் இருந்த ஒரு கேனை எடுத்துவந்தார். ரேடியேட்டரைக் காலி செய்து இதை ஊற்றுகிறேன், கொஞ்ச நாள் ஓட்டுங்கள் என்றார். “வெறும் தண்ணி கறை விடாது அண்ணி. நீங்க தினமும் வெறும் தண்ணியா ஊத்தி, பழைய கலர் மொத்தத்தையும் கழுவி விட்டுட்டீங்க. இது எங்க போனாலும் காட்டிக்கொடுத்துடும். இதுலயும் தெரியலன்னா பிரிச்சுத்தான் ஆகணும்.”

அடுத்த பயிற்சி நாள் காலையில் சித்தப்பா எந்தச் சாக்கும் சொல்லவில்லை. நாங்கள் கேட்பதற்கு முன்பே சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அவர் சொன்னார்: “இன்னிக்கு மட்டும் வரேன். இனிமே வரலன்னு அந்தப் பொண்ணுகிட்ட நானே சொல்லிட்டு வந்துடறேன். சொல்லாம நிறுத்துறது மரியாதை இல்ல.”

சித்தி சாவியைக் கையில் வைத்தபடி நின்றாள். “ஏங்க?”

“முடியல.”

“என்ன முடியல?”

“முடியலன்னா முடியல. விடு.”

வழி முழுக்க மழை. முன்கண்ணாடி உள்பக்கமாக வேர்த்துக்கொண்டே இருந்தது. சித்தி ஒரு கையால் துடைத்துத் துடைத்து ஓட்டினாள். சித்தப்பா முந்தைய மாலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காதது எனக்குத் தெரியும். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

ஆஸ்பத்திரி வந்ததும் அவரை இறக்கி நாற்காலியில் உட்காரவைத்தோம். “நீ தள்ளிட்டுப் போ, நான் வண்டியைப் பூட்டிட்டு வரேன்” என்றாள் சித்தி. எப்போதும் அப்படித்தான் சொல்வாள். ஒரு வண்டியைப் பூட்ட இவ்வளவு நேரமா என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. நான் அவரைப் பயிற்சி அறையில் விட்ட பிறகுதான் கவனித்தேன், ஒரு கால்தாங்கியை வண்டியிலேயே மறந்துவிட்டேன். எடுக்க ஓடினேன்.

சித்தி திறந்த கதவருகே மழையில் குந்தியிருந்தாள். தலையில் முக்காடுகூட இல்லை. கையில் ஒரு வெள்ளைத் துண்டு. என்னைப் பார்த்ததும் மறைக்கப் போனவள் மறைக்கவில்லை. துண்டை என் பக்கம் நீட்டினாள்.

“இது என்ன கலரு, சொல்லு.”

“பச்சை.”

“நல்லாப் பாரு. எனக்கு மட்டும்தான் பச்சையாத் தெரியுதா?”

“பச்சைதான் சித்தி. இலைப் பச்சை.”

துணியோடு வாழ்கிறவள், நிறம் தெரியாதவள் இல்லை. ஆனாலும் இன்னொருவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது. சித்தப்பாவின் பக்கத்து ரப்பர் மேட்டில் தேங்கியிருந்ததை அந்தத் துண்டால்தான் ஒற்றி எடுத்திருக்கிறாள். மழை தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு முறையும் அவரை உள்ளே அனுப்பிவிட்டு, இப்படிக் குந்தி உட்கார்ந்து துடைத்திருக்கிறாள்.

“டயப்பர் ஓரமா வழிஞ்சு, கால் வழியா இறங்குதுன்னு நெனச்சேன்டீ. அவர் இடது காலுறை நனைஞ்சிருக்கும். அவருக்குத்தான் அந்தக் கால்ல உணர்ச்சி இல்லையே. கேட்டா கூனிக் குறுகிடுவார்னு கேக்கல. வாடை வராம இருக்கச் சோப்புப் போட்டேன். அவசரம் கேட்டப்போ கூட, ஊருக்கே தெரிஞ்சிடும்னு…” துண்டைச் சுருட்டிக்கொண்டு எழுந்து நடந்தாள். கதவு திறந்தே கிடந்தது. நான்தான் சாத்திவிட்டுப் பின்னால் ஓடினேன்.

நாங்கள் போனபோது சித்தப்பா சொல்லி முடித்திருந்தார். பயிற்சி அக்கா அவர் எதிரில் ஒரு சின்ன முக்காலியில் உட்கார்ந்து, “காரணத்தையாவது சொல்லுங்கய்யா” என்று கேட்டுக்கொண்டிருந்தார். சுற்றிலும் வேறு நோயாளிகள், அவர்களோடு வந்தவர்கள். சித்தி நேராகப் போய் அந்த ஈரத் துண்டை அவர் மடியில் வைத்தாள்.

“இதை மோந்து பாருங்க.”

சித்தப்பாவின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். துண்டைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார். பிறகு மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார்:

“இங்க வெச்சா? எல்லார் முன்னாலயுமா?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார். நனைந்த காலுறையைக் குளியலறையில் கழற்றும்போதெல்லாம், டயப்பரில் இருந்த வேர்வை ஈரத்தைத் தொட்டுப் பார்த்துத் தானேதான் என்று முடிவு செய்திருந்தார். தண்ணீரை நிறுத்தினார். தண்ணீரை நிறுத்தியும் கால் நனைந்தது. அதனால்தான் அன்று எல்லாவற்றையும் நிறுத்த வந்திருந்தார்.

“கலரைப் பாருங்க” என்றாள் சித்தி. “என் முகத்தைப் பாக்காதீங்க. துணியைப் பாருங்க.”

அவர் குனிந்து பார்த்தார். வலது கையால் துண்டை எடுத்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். நான் அவரை எத்தனையோ முறை அப்படிப் பார்த்திருக்கிறேன், வாசலில், வண்டியின் வாயைத் திறந்துவைத்துக்கொண்டு.

“கூலன்ட்” என்றார்.

“ஆமா.”

“ரேடியேட்டர்ல தண்ணி குறையுதா?”

“தினமும் ஒரு பாட்டில் ஊத்தறேன்.”

“எப்பலேர்ந்து?”

“மழை தொடங்கினதிலேர்ந்து.”

“ஹீட்டர் கோர்” என்றார். பயிற்சி அக்காவுக்குச் சொல்வதுபோல அவர் பக்கம் திரும்பி விளக்கினார். “டேஷ்போர்டுக்குப் பின்னால குட்டி ரேடியேட்டர் ஒண்ணு இருக்கும்மா. ஹீட்டர் போடலன்னாலும் இன்ஜின் தண்ணி அது வழியா ஓடிட்டுத்தான் இருக்கும். பழைய வண்டியில அரிச்சுப் போயிடும். ஓட்டையாச்சுன்னா வெளியில விழாது. வண்டி ஓடி, சூடாகி, அழுத்தம் ஏறும்போது உள்ள, பக்கத்துச் சீட்டுல இருக்கிறவன் கால்ல…”

நிறுத்தினார். அந்த அறையில் யாரோ ஒருவர் ரப்பர்ப் பந்தைக் கீழே போட்டு, அது உருண்டு போன சத்தம் கேட்டது.

“அப்போ நான் இல்லையா?”

“நீங்க இல்லங்க.”

“நீயும் நான்தான்னு நெனச்சியா?”

சித்தி பொய் சொல்லியிருக்கலாம். “ஆமா” என்றாள்.

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“எப்படிங்க கேக்கறது? நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“எப்படிடீ சொல்றது?”

பயிற்சி அக்கா சுவரில் தொங்கிய பட்டைகளை அடுக்குவது மாதிரி திரும்பி நின்றுகொண்டார். சித்தப்பா, “கண்ணாடி உள்பக்கமா வேர்க்கிறதைப் பாத்துட்டேதான் வந்தேன். அதுக்கு என்ன அர்த்தம்னு இத்தனை வருஷம் வண்டி ஓட்டினவனுக்குத் தோணல. என்னையே பாத்துட்டு இருந்திருக்கேன்” என்றார். பிறகு, “கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா” என்று கேட்டார். அக்கா கொண்டுவந்த குவளையை வாங்கி மெதுவாக, ஆனால் நிறுத்தாமல் குடித்தார். வாயின் இடது ஓரத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. சித்தியும் துடைக்கவில்லை.

அன்று அவர் கம்பிகளைப் பிடித்து நின்றது நீண்ட நேரம் இல்லை. ஆனால் நின்றார்.

மறுநாள் சித்தப்பாவையும் பட்டறைக்கு அழைத்துப்போனோம். ஒரு பழைய டயரின் மேல் பலகை போட்டு அவரை உட்காரவைத்தார் அவசரம். டேஷ்போர்டைக் கழற்ற நாளாகும் என்பதால் அப்போதைக்கு ஹீட்டருக்குப் போகும் இரண்டு குழாய்களையும் வெளியிலேயே ஒன்றோடொன்று இணைத்து, தண்ணீர் உள்ளே போகாமல் செய்துவிட்டார்.

“என்னடா, இன்ஜினைப் பிரிக்கணும்னியாமே?” என்றார் சித்தப்பா. “மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துற ஆளுடா நீ.”

“அண்ணே, உள்ள ஈரம் இருக்கான்னு கேட்டேன். அண்ணி இல்லன்னாங்க.”

சித்தி வேறு பக்கம் பார்த்தாள்.

“அவ சொன்னது சரிதான்” என்றார் சித்தப்பா. “அவ துடைச்சா அப்புறம் ஈரம் எங்கடா இருக்கும்?”

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். சித்தப்பா அதற்குப் பிறகு ஒரு நாள் பயிற்சியைக்கூட விடவில்லை. இப்போது தடியூன்றி வீட்டுக்குள் நடக்கிறார், வாசல்வரை வருகிறார். ஆனால் இடது பாதத்தை முழுவதும் தூக்க முடியவில்லை. நடக்கும்போது விரல்கள் தரையை இழுத்துக்கொண்டு வருகின்றன. கை கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. வண்டி ஓட்ட முடியாது. விட்டுப்போன அந்த வாரங்களில் போயிருந்தால் பாதத்தைத் தூக்க முடிந்திருக்குமா என்று பயிற்சி அக்காவிடம் கேட்டேன். “தெரியாது. போயிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கலாம். அவ்வளவுதான் சொல்ல முடியும்” என்றார். ஏமாற்றாமல் சொன்னதற்காக அவரை மதிக்கிறேன்.

சித்தியும் சித்தப்பாவும் அந்த நாளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. எப்போதாவது அவர் குளியலறையிலிருந்து, “இன்னிக்கு நான்தான்” என்று குரல் கொடுப்பார். அவள் வேறு கால்சட்டையை எடுத்துக்கொண்டு போவாள். அவ்வளவுதான் பேச்சு. ஆம், எப்போதாவது அப்படியும் நடக்கிறது. நடக்கும்போது சொல்லிவிடுகிறார்.

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். முகத்தை அவர் சாதாரணமாக வைத்துக்கொண்டிருந்ததால் என்ன நினைக்கிறார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. “எழுது” என்றார் கடைசியில். “டயப்பரையும் எழுது. அதை விட்டுட்டா இது வெறும் வண்டி ரிப்பேர் கதை.”

நீங்கள் இருக்கும் தெருவிலும் ஒரு வீட்டில் யாரோ ஒருவர் காரணம் சொல்லாமல் சாப்பாட்டையோ தண்ணீரையோ குறைத்துக்கொண்டிருப்பார். அவருக்காக இன்னொருவர் ஏதோ ஒன்றைச் சத்தமில்லாமல் துடைத்துக்கொண்டிருப்பார். அவர்களை உங்களுக்குத் தெரிந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அறிவுரையாக வேண்டாம். ஒரு பழைய காரில் தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியாமல் ஒரு குடும்பம் திண்டாடியது என்று ஆரம்பியுங்கள், போதும். மீதியை அவர்களே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். கேட்காவிட்டால், இன்னொருவரிடம் சொல்லுங்கள்.